அங்கி ஒருவருக்கு, கையெழுத்து இன்னொருவருக்கு

(பாளையங்கோட்டையில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'உள்ளாட்சியும் சாதியும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அது கடல். அதற்குள் இறங்கி ஒரே ஒரு நாற்காலியை மட்டும் வெளியே எடுத்துப் போட்டு, அதைச் சுற்றி நடந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். மேயர் நாற்காலி.

முதலில் வீட்டுக் கதை ஒன்று. என் அவ்வா தெருக் கூட்டியவர். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம், அதனால் பாட்டி இல்லை, அவ்வா. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு நகராட்சியில் வேலை பார்த்தார். அவர் ஓய்வு பெறுவதற்குள் அது மாநகராட்சி ஆகிவிட்டது. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். எந்த ஊராக இருந்தாலும் கதை ஒன்றுதான். ஓய்வுக்குப் பிறகு வரவேண்டிய பணத்தில் ஒரு பகுதி வரவில்லை. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மனு எழுதத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவ்வாவைக் கூட்டிக்கொண்டு மேயரைப் பார்க்கப் போனேன். அவர் நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். அவ்வாவை உட்காரச் சொன்னார். மனுவின் ஓரத்தில் பச்சை மையில் 'அவசரம், ஆவன செய்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவ்வாவுக்கு மேயர் என்ற சொல் வாயில் நுழையாது. 'பெத்தாயன' என்பார். பெரியவர் என்று அர்த்தம். பெத்தாயன கையெழுத்துப் போட்டுவிட்டார், இனி பணம் வந்துவிடும் என்று அன்று தெருவெல்லாம் சொன்னார்.

மாதம் இரண்டு போனது. மறுபடி போய்க் கேட்டபோது, எழுத்தர் அந்தப் பச்சை மையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேயர் எழுதினா அது சிபாரிசும்மா. ஆணையர் கையெழுத்து விழுந்தாத்தான் ஃபைல் நகரும்."

நான் ஆராய்ச்சிக்கு வந்ததற்கு ஆயிரம் காரணம் சொல்வேன். உண்மையான காரணம் அந்த ஒரு வாக்கியம்தான். ஊருக்கே பெரியவர் என்று பெயர். அந்தப் பெரியவர் போட்ட கையெழுத்து செல்லாது. இது எப்படி வந்தது?

இத்தனைக்கும் அவ்வா செய்த மொழிபெயர்ப்பு துல்லியமானது. லத்தீனில் 'மாயோர்' என்றால் பெரியவர், மூத்தவர். அதிலிருந்து பிரெஞ்சில் 'மேர்', ஆங்கிலத்தில் 'மேயர்'. ஆனால் அந்தப் பெரியவர் ஆரம்பத்தில் ஊருக்குப் பெரியவர் இல்லை. வீட்டுக்குப் பெரியவர். அதாவது பெரிய வீட்டில் வேலைக்காரர்களுக்கெல்லாம் தலைமை வேலைக்காரர். சாவிக்கொத்து அவரிடம் இருக்கும், களஞ்சியக் கணக்கு அவரிடம் இருக்கும். நம் பக்கத்தில் பண்ணைக் காரியஸ்தர் என்று சொல்வோமே, அந்த மாதிரி.

இன்றைய பிரான்சும் ஜெர்மனியின் ஒரு பகுதியும் சேர்ந்த நிலத்தை ஒரு காலத்தில் மெரோவிஞ்சியன் என்ற அரச குலம் ஆண்டது. அந்த அரண்மனையின் காரியஸ்தருக்கு 'அரண்மனையின் மேயர்' என்றே பெயர். நாளாவட்டத்தில் வரி அவர் கைக்குப் போனது, படை அவர் கைக்குப் போனது. அரசருக்கு மிஞ்சியது நீண்ட தலைமுடியும் சிம்மாசனமும்தான். அந்தக் குலத்தில் முடி வெட்டாமல் வளர்ப்பது அரச அடையாளம். 751இல் பெப்பின் என்ற அரண்மனை மேயர், கடைசி மெரோவிஞ்சிய அரசரின் முடியை வெட்டி மடத்துக்கு அனுப்பிவிட்டுத் தானே அரசரானார். யார் அதிகாரம் வைத்திருக்கிறாரோ அவரே அரசர் பட்டமும் வைத்துக்கொள்வது நல்லது என்று அதற்குப் போப்பும் ஒப்புதல் கொடுத்தார்.

இதை வெளிநாட்டுக் கதை சொல்லும் ஆசையில் சொல்லவில்லை. இந்த இரண்டு உருவங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முடியும் சிம்மாசனமும் மட்டும் உள்ள ஒருவர். சாவிக்கொத்து வைத்திருக்கும் இன்னொருவர். நம் மாநகராட்சி அலுவலகங்களில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன வேடிக்கை என்றால், மேயர் என்ற பெயர் இடம் மாறிவிட்டது. இங்கே மேயர்தான் அந்தப் பழைய அரசர். சாவிக்கொத்து ஆணையரிடம் இருக்கிறது.

லண்டனுக்கு 1189 வாக்கில் முதல் மேயர் வந்தார். 1215இல் ஜான் மன்னர், ஆண்டுதோறும் மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நகரத்து வணிகர்களுக்கு எழுதிக் கொடுத்தார். மன்னருக்குப் பணமும் ஆதரவும் தேவைப்பட்டது, வணிகர்களிடம் பணம் இருந்தது. இந்தப் பேரம்தான் கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1687இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரிடமிருந்து சாசனம் கிடைத்தது. 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியது. நத்தானியல் ஹிக்கின்சன் முதல் மேயர். அங்கி, வெள்ளித் தடி, ஊர்வலம் எல்லாம் அன்றைக்கே வந்துவிட்டன. எதற்கு? ஊர்க்காரர்கள் கம்பெனிக்கு வரி கட்ட மாட்டேன் என்றார்கள். அவர்களிலேயே சில பெரிய வணிகர்களை மன்றத்தில் உட்கார வைத்து அங்கி மாட்டிவிட்டால், அவர்கள் போடும் வரி அவர்களே போட்டதாக ஆகும் என்று கம்பெனி கணக்குப் போட்டது. ஆக இந்த மண்ணில் மேயர் அங்கி வந்த முதல் நாளிலேயே அது ஒரு விலை. அதிகாரத்தைக் கேட்காமல் இருப்பதற்குக் கொடுத்த விலை.

இந்த இடத்தில் கூட்டத்தில் யாராவது எழுந்து, "வெள்ளைக்காரன் கதை எதற்கு, நம்மிடம் குடவோலை இருந்ததே" என்று கேட்பார்கள். எப்போதும் கேட்கிறார்கள். சரி, நானும் நம் ஊருக்கே வருகிறேன். உத்திரமேரூர் வரை போகவே வேண்டாம். இங்கிருந்து சங்கரன்கோவில் சாலையில் போனால் மானூர். தாமிரபரணியில் வந்து சேரும் சிற்றாற்றின் தண்ணீர் பாயும் ஊர். அங்கே கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மாறஞ்சடையன் என்ற பாண்டிய மன்னனின் 35ஆவது ஆட்சியாண்டு, சுமார் கி.பி. 800. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921. ஆக மானூர் அதைவிட நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி எழுதிய கல்வெட்டு. நெல்லைக்காரர்கள் பெருமைப்படலாம் என்றால் படுங்கள், நான் தடுக்கவில்லை. விதியை மட்டும் வாசித்துவிட்டுப் படுங்கள்.

நிலத்தில் பங்கு இருக்க வேண்டும். மந்திரப் பிராமணம் கற்றிருக்க வேண்டும், ஒரு தர்ம நூலும் தெரிந்திருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும். அது பிரம்மதேயச் சபை. அதாவது பிராமணர்களுக்கு வரியில்லாமல் கொடுத்த ஊரின் சபை. வயலில் இறங்கியவர், மாட்டை உரித்தவர், தெருவைச் சுத்தம் செய்தவர் யாரும் அந்தத் திண்ணைக்கு அருகில்கூட வந்திருக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று. சபையில் வருகிற ஒவ்வொரு காரியத்துக்கும் 'அன்று, அன்று' என்று மறுத்துக்கொண்டே இருப்பவரும், அவருக்குத் துணைபோகிறவரும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். பிராமணருக்குள்ளேயே இந்த நிலைமை. 'இல்லை' என்று சொல்லும் வாய்க்கு அபராதம்.

எந்தச் சபையைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கல்தான். உள்ளே யார் உட்காரலாம்? உட்கார்ந்த பிறகு 'இல்லை' என்று சொல்ல முடியுமா? நம் இயக்கங்கள் முதல் கேள்விக்காக ரத்தம் சிந்திப் பாதி பதில் வாங்கியிருக்கின்றன. இரண்டாவது கேள்விக்கு இன்னும் தண்டம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் 1866இல் நகராட்சி ஆயின. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. அன்றைய நகராட்சியில் உறுப்பினர்களை அரசு நியமித்தது. பிறகு தேர்தல் வந்தபோதும் ஓட்டு வரி கட்டுபவருக்குத்தான். சொத்து இருந்தால் வரி, வரி இருந்தால் ஓட்டு. நகராட்சியின் சம்பளப் பட்டியலில் முதல் நாளிலிருந்தே நம் ஆட்கள் இருந்தார்கள், வாக்காளர் பட்டியலில் இல்லை. நகராட்சி இல்லாவிட்டால் அவர்களுக்குக் கூலி இல்லை, அவர்கள் இல்லாவிட்டால் நகராட்சியே இல்லை. ஆனால் நகராட்சி யாருடையது என்று கேட்டால் வரிகட்டியவருடையது. இன்றைக்கும் வாட்ஸப் குழுக்களில் 'வரி கட்டுகிற எங்களுக்கு' என்று ஒரு குரல் வருமே, அது அந்த 1866ஆம் வருஷத்துக் குரல்தான்.

நகராட்சி எவ்வளவு நல்லது செய்ய முடியும், செய்ததை எவ்வளவு சீக்கிரம் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதற்கு மகத் போதும். 1924இல் மகத் நகராட்சி, சவதார் குளத்தைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் தாளில் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஆகஸ்ட் 4ஆம் தேதி அதே நகராட்சி தன் தீர்மானத்தை ரத்து செய்தது. தாளில் உரிமை இருந்தவரை யாருக்கும் வலிக்கவில்லை, தண்ணீரில் கை வைத்ததும் வலித்தது. இருபது வருஷம் கழித்து அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அலகாக வைக்கச் சொன்னவர்களிடம் அவர் ஏன் அவ்வளவு கோபப்பட்டார் என்பது மகத்தை வைத்துப் பார்த்தால் புரியும்.

நம் பக்கத்தில் 1933இல் சென்னைக்கு மறுபடி மேயர் பட்டம் வந்தது. முதலில் அமர்ந்தவர் குமாரராஜா முத்தையா செட்டியார். 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை மேயரானார். பட்டியல் சமூகத்திலிருந்து சென்னைக்கு வந்த முதல் மேயர். 1945இல் என். சிவராஜ். இவர்கள் ஏதோ கட்சி தூக்கி உட்காரவைத்த பொம்மைகள் இல்லை. சிவசண்முகம் பிள்ளை பின்னால் சட்டமன்ற சபாநாயகராக ஒன்பது வருஷம் இருந்தார். சிவராஜ் அகில இந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவர், அம்பேத்கரின் தோழர், மீனாம்பாளின் கணவர். இவர்கள் பெயர் எத்தனை மாநகராட்சிக் கட்டடத்தில் இருக்கிறது என்று நீங்களே ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள்.

ஆனால் அப்போதே சென்னை மேயருக்கு ஓராண்டு காலம்தான், நிர்வாகம் ஆணையரிடம்தான். இந்த ஏற்பாட்டின் மூல வடிவம் 1888ஆம் வருஷத்துப் பம்பாய் மாநகராட்சிச் சட்டம். இந்தியர்கள் மன்றத்தில் உட்கார்ந்து பேசட்டும், கையெழுத்து அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கட்டும் என்பது அதன் சாரம். வெள்ளைக்காரர் இந்தியரை நம்பாததால் செய்த ஏற்பாடு. விடுதலைக்குப் பிறகு இந்தியர் இந்தியரை நம்பாமல் அதையே வைத்துக்கொண்டோம்.

1992இல் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது, 1993 ஜூன் 1 முதல் நடைமுறை. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1994இல், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூரும் சேர்ந்து மாநகராட்சி. 1996இல் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன்பிறகு நேரடித் தேர்தலா, கவுன்சிலர்கள் வழியாகவா என்று ஆட்சிக்கு ஒரு தடவை மாற்றினார்கள். 2006இல் மறைமுகம், 2011இல் நேரடி, 2019இல் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். அல்வாவுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கே அல்வா கொடுத்தார்கள்.

மக்களுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனது. இந்த மாநகராட்சி எல்லைக்குள்தான். ஊருக்கு நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயர் இருந்த காலம். ஊர்வலம் எங்கே போனது? ஆற்றங்கரையில் கொக்கிரகுளத்தில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கு. கதவு எங்கே இருக்கிறது என்று கூலிக்காரருக்குத் தெரியும். போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை உட்பட. கூலி கேட்ட மனு கையில் இருக்கத் தாமிரபரணியில் செத்தார்கள்.

இப்போது நான் சொல்லவந்ததற்கு வருகிறேன். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இதை ஏற்காமலும் போகலாம்.

மாநகராட்சிக்கு நேர்மாறாகக் கிராம ஊராட்சி இருக்கிறது. ஊராட்சித் தலைவருக்கு அங்கி கிடையாது, செங்கோல் கிடையாது, 'வணக்கத்துக்குரிய' என்ற அடைமொழி கிடையாது. ஆனால் கையெழுத்து இருக்கிறது. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து காசோலையில் கையெழுத்துப் போட வேண்டும். தனித்தொகுதியில் தலைவர் தலித்தாக இருப்பார். துணைத் தலைவர் பெரும்பாலும் ஊரின் ஆதிக்கச் சாதியாக இருப்பார். அந்தக் காசோலையின் இரண்டு கையெழுத்துக்கு நடுவில் இருக்கும் அரை அங்குல இடைவெளியில்தான் தமிழ்நாட்டுச் சாதி வரலாறு நடக்கிறது.

1997 ஜூன் 30, மேலவளவு. தனி ஊராட்சியின் தலைவர் முருகேசனும் உடன் இருந்த பலரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊர்களில் பத்து வருஷம் தேர்தலே ஒழுங்காக நடக்கவிடவில்லை. 2006 நவம்பரில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவர் ஜக்கையன் கொல்லப்பட்டார். அருந்ததியர். தேர்தல் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. துணைத் தலைவர் தரப்பின் சொற்படி நடக்க அவர் மறுத்ததே காரணம் என்று அன்றைய செய்திகள் கூறின. 2011 ஜூன் 13, இதோ பக்கத்தில் தாழையூத்து. ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணி, அருந்ததியப் பெண், இரவில் வீடு திரும்பும்போது வெட்டப்பட்டார். காதிலும் கைகளிலும் உடலெங்கும் வெட்டு. பெண்களுக்குப் பொதுக் கழிப்பிடம் கட்ட முயன்றதும் அந்தப் பகையில் ஒரு காரணம். அவர் பிழைத்தார், நின்றார். வழக்கில் தண்டனை வர 13 வருஷம் ஆனது. மானூரிலிருந்து தாழையூத்து ரொம்பத் தூரமில்லை. 'இல்லை' என்று சொன்ன வாய்க்கு அங்கே ஐந்து காசு, இங்கே அரிவாள்.

என் வாதம் இதுதான். கையெழுத்து உள்ள நாற்காலியில் நாம் உட்கார்ந்தால் கையை வெட்டுகிறார்கள். கையெழுத்து இல்லாத நாற்காலி என்றால் மாலை போட்டு, அங்கி போர்த்தி, செங்கோல் கொடுத்துப் புகைப்படம் எடுக்கிறார்கள். இரண்டையும் தனித்தனிச் செய்தியாகப் படிக்கப் பழகியிருக்கிறோம். நான் இரண்டையும் ஒரே செய்தியாகப் படிக்கிறேன்.

அந்த அங்கியைக்கூட எங்கே கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். 2022 தேர்தலுக்கு முன்பு 21 மாநகராட்சிகளின் மேயர் பதவிக்கு ஒதுக்கீடு அறிவித்தார்கள். பெண்களுக்கு 11. இது பெரிய விஷயம், மறுக்க மாட்டேன். பட்டியல் சமூகத்துக்கு 3. சென்னை, தாம்பரம், ஆவடி. வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே கைக்குள் அடங்கும். அதற்குத் தெற்கே கடலூர், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை, சிவகாசி, தூத்துக்குடி, நெல்லை, நாகர்கோவில் எதுவும் இல்லை. மக்கள்தொகை விகிதப்படி வரிசைப்படுத்தினால் அப்படித்தான் வரும் என்று அதிகாரி சொல்வார், கணக்குச் சரியாகவும் இருக்கும். ஆனால் மேயர் பதவிக்கு எப்படி ஒதுக்குவது என்பதை அரசியல் சட்டம் மாநிலத்தின் கையில்தான் விட்டிருக்கிறது. தென் மாவட்டங்களில் சாதி எந்த அளவுக்குத் தெருவில் நிற்கிறது என்று அரசுக்குத் தெரியும். கணக்கை வேறு மாதிரிப் போட முடியும்.

2022 மார்ச் 4 அன்று பிரியா சென்னை மேயரானபோது நான் அழுதேன். சென்னைக்கு முதல் தலித் பெண் மேயர், இருபதுகளில் இருந்த பெண், வடசென்னைக்காரர். அவ்வா உயிரோடு இருந்திருந்தால் இந்தத் தடவை 'பெத்தம்மா' என்றிருப்பார். மூன்று வருஷம் கழித்து, 2025 ஆகஸ்ட் 1 முதல், அதே ரிப்பன் மாளிகையின் வாசல் நடைபாதையில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று. பெரும்பாலும் தலித் பெண்கள். மேயர் வென்ற 74ஆவது வார்டும் திரு.வி.க. நகர் மண்டலத்தில்தான் இருக்கிறது. பதின்மூன்று நாள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை இழுத்து அப்புறப்படுத்தியது.

உள்ளே ஒரு தலித் பெண், வெளியே நூற்றுக்கணக்கான தலித் பெண்கள். அந்த வாரம் முழுக்க நம் தோழர்களே இணையத்தில் அந்த மேயரைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கும் கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் வேறு எந்த மேயரை இவ்வளவு தனிப்பட்ட முறையில், தோற்றம் வரை இழுத்து, நாம் திட்டியிருக்கிறோம்? தனியார்மயம் மாநில அரசின் கொள்கை. ஒப்பந்தம் ஆணையர் கையெழுத்தில் நடக்கும். அரசின் பெயரையும் ஆணையரின் பெயரையும் விட்டுவிட்டு அங்கி போட்டவரை அடித்தோம். அங்கி அதற்காகத்தான் இருக்கிறது: அடி வாங்குவதற்கு. அதேசமயம் அவரை முழுக்க விடுவிக்கவும் என்னால் முடியவில்லை. மன்றத்துக்குத் தலைமை அவர். மன்றத்தில் 'இல்லை' என்ற சொல் பதிவாகியிருந்தால் ஃபைல் நின்றிருக்காது, ஆனால் அந்தச் சொல் நம்மிடம் இருந்திருக்கும்.

இதனால்தான், 'மேயர் வெறும் ரப்பர் ஸ்டாம்ப், அதில் ஒதுக்கீடு வந்தால் என்ன வராவிட்டால் என்ன' என்று அறிவாளித்தனமாகப் பேசும் நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. நாம் உள்ளே நுழையும் நேரம் பார்த்துத்தான் எல்லோருக்கும் அந்த அறை பயனற்றது என்று தெரியவருகிறது. மன்றக் கூட்டத்தை நடத்துவது மேயர். எந்தப் பொருள் விவாதத்துக்கு வரும், யார் எவ்வளவு நேரம் பேசலாம், எது குறிப்பில் ஏறும் என்பதெல்லாம் அவர் கண் அசைவில் இருக்கிறது. நகரத்தின் பெரிய ஒப்பந்தங்கள் மன்றத் தீர்மானமாக வந்துதான் போகின்றன. பல மன்றங்களில் ஐம்பது அறுபது தீர்மானம் ஒரே மூச்சில் 'நிறைவேற்றப்பட்டது' என்று ஓடிவிடும். தெருக் கூட்டும் வேலை ஒப்பந்தத்துக்குப் போவதும் அந்த ஓட்டத்தில்தான் போகும். நம் ஊரில் 2024 ஜூலையில் மேயர் பதவி விலகி, ஆகஸ்டில் இன்னொருவர் வந்தார். அதற்கு முன்னால் கவுன்சிலர்களுக்கும் மேயருக்கும் மாதக்கணக்கில் சண்டை. ஒரே கட்சிக்குள். ஜனவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரைக்கும் போனது, அன்றைக்கு மன்றத்துக்கு ஒருவரும் வரவில்லை. அத்தனை சண்டையிலும் துப்புரவுப் பணியாளர் சம்பளம் என்ற சொல் எத்தனை தடவை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். எண்ண முடியும், ஏனென்றால் கூட்டக் குறிப்பு என்று ஒன்று இருக்கிறது.

2022இலிருந்து நவம்பர் 1ஆம் தேதியை உள்ளாட்சி தினம் என்று வைத்திருக்கிறார்கள். கிராம சபை மாதிரி நகரத்திலும் பகுதி சபா நடக்க வேண்டும். அறிவிப்பு உங்கள் தெருவுக்கு வராது, வரவழைக்க வேண்டும். இப்போதைய மன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் இந்த அரங்கில் இருக்கும் நாற்பது பேரும் ஆளுக்கு ஒரு வார்டை எடுத்துக்கொண்டால், 55 வார்டில் முக்கால்வாசி வந்துவிடும். உங்கள் வார்டில் எத்தனை பேர் கூட்டுகிறார்கள், எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஒப்பந்தம், ஒப்பந்தக்காரர் யார், வருங்கால வைப்புநிதி கட்டுகிறாரா, அந்த ஒப்பந்தம் எந்த மன்றக் கூட்டத்தில் எந்த எண் தீர்மானமாகப் போனது, உங்கள் கவுன்சிலர் அப்போது வாயைத் திறந்தாரா. இவ்வளவுதான்.

தகவல் உரிமைச் சட்ட மனு எழுதி நாற்பது நகல் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், மேசையில் இருக்கிறது. வார்டு எண்ணையும் உங்கள் பெயரையும் நிரப்பினால் போதும். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்ட வேண்டும், அதையும் வாங்கி வைத்திருக்கிறேன், பத்து ரூபாயை அந்த டப்பாவில் போட்டுவிடுங்கள். மறந்துவிடாமல் பெறுநர் இடத்தில் 'பொதுத் தகவல் அலுவலர், ஆணையர் அலுவலகம்' என்று எழுதுங்கள். மேயருக்கு எழுதிவிடாதீர்கள்.